பாலத்தில் நடக்கும் விளக்கு



திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு இரவு வண்டியில் சென்றிருக்கிறீர்களா? ஏரிகளும் ஓடைகளும் நிறைந்த பூமி அது. மண்மேட்டின்மீது ஒரே தாளத்தில் ஓடிவரும் வண்டி, பாலத்தின்மீது ஏறியதும் குரலை மாற்றிக்கொள்ளும். சன்னலோரம் கண்ணயர்ந்திருப்பவனும் ஒரு கணம் விழித்துக்கொள்வான். கீழே இருள், எங்கோ சிறிது நீர். அந்த ஒரு கணத்தில்தான் பேய்க் கதைகள் பிறக்கின்றன.

பழைய ரயில் பாலம் என்றால் அதற்கொரு பேய் இருந்தே தீரும் என்பது நம் நாட்டுப்புற நம்பிக்கை. நள்ளிரவில் தூண்களுக்கிடையே ஒரு முனகல் கேட்கும் என்பார்கள். தூண் நிலைக்கவேண்டி ஒரு தலைப்பிள்ளையைப் பலியிட்டார்கள், அதன் அழுகையே அது என்பார்கள். மழைக்கால இரவில் தண்டவாளத்தின்மீது ஆளே இல்லாமல் ஒரு விளக்கு மட்டும் நடந்து போகும் என்றும் சொல்வார்கள். இவற்றைக் கேட்டு நகைத்துவிடுவது எளிது; நடுங்கிவிடுவதும் எளிது. இரண்டையும் விட்டு, "நீ எங்கிருந்து வந்தாய்?" என்று ஒவ்வொரு கதையையும் கேட்டுப் பார்ப்போம்.

முதலில் அந்த முனகல். இரும்பு வெயிலில் நீளும், குளிரில் சுருங்கும். 30 மீட்டர் நீளமுள்ள இரும்பு உத்தரம், வெப்பம் 25 பாகை குறைந்தால் ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் குறுகிவிடும். அதற்கு இடம் கொடுப்பதற்காகவே உத்தரத்தின் முனை நகர்வதற்கேற்ற தாங்கிகளை அமைக்கிறார்கள். பகலில் நீண்ட இரும்பு இரவில் சுருங்கி நகரும்போது ஓசை எழுகிறது. போதாக்குறைக்குத் தூண் இடுக்குகளில் குடியிருக்கும் கூகையும் குரல் கொடுக்கிறது. பேய் பேசுவதற்கு வேறென்ன வேண்டும்?

பலிக் கதையை இவ்வளவு எளிதாக விடை சொல்லி அனுப்ப முடியாது. இது நம் ஊருக்கு மட்டும் உரிய கதையன்று. வங்காளத்தில் ஹூக்ளி ஆற்றின்மீது பாலம் எழுந்தபோது, குழந்தைகளின் மண்டையோடுகள்மீது தூண் நிறுத்துகிறார்கள் என்ற அச்சம் மக்களிடையே பரவியது. கிரேக்க நாட்டில் ஆர்ட்டா என்னும் ஊரின் பாலத்துக்காகக் கொத்தனார் தலைவனின் மனைவியே பலியானாள் என்று நாட்டுப்பாடல் சொல்கிறது. பெரிய கட்டுமானம் எதுவும் உயிரைக் கேட்கும் என்று உலகெங்கும் எளிய மக்கள் உணர்ந்திருந்தார்கள்.

அந்த உணர்வு முற்றிலும் பொய்யா? நம் பகுதியில் இருப்புப் பாதை வந்தது 1870களில். அதே ஆண்டுகளில்தான், 1876 முதல் 1878 வரை, தாது வருஷப் பஞ்சம் தமிழகத்தை வாட்டியது. திண்டிவனத்துக்குக் கிழக்கே மரக்காணம் வரை நீளும் பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதியும் அப்பஞ்சத்தில் பசித்தவர்களின் கைகளால் வெட்டப்பட்டதே. மண் சுமந்தவர்களின் பெயரைக் கல்லில் பொறிப்பவர் யார்? பெயரில்லாமல் மறைந்தவர்களை ஊர் மறக்கவில்லை. பேய் என்ற பெயரிலாவது நினைத்துக்கொண்டிருக்கிறது.

பாலங்கள் உண்மையாகவே உயிர் கேட்ட நாளும் உண்டு. 1956 நவம்பர் 22ஆம் நாள் இரவு எழும்பூரிலிருந்து புறப்பட்ட தூத்துக்குடி விரைவு வண்டி, இதே திண்டிவனத்தையும் விழுப்புரத்தையும் கடந்து தெற்கே சென்றது. பெருமழைக் காலம். மறுநாள் விடியற்காலையில், அரியலூருக்கு அப்பால், மருதையாற்று வெள்ளம் பாலத்தருகே பாதையைச் சிதைத்திருந்தது. எஞ்சினும் பல பெட்டிகளும் ஆற்றில் விழுந்தன. ஏறத்தாழ 150 பேர் மாண்டார்கள். அன்றைய ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி விதியின்மீது பழி போடவில்லை. பொறுப்பைத் தாமே ஏற்றுப் பதவியைத் துறந்தார். இதை நீங்கள் கருத்தில் கொள்ளவேண்டும். "பேய் அடித்தது" என்று சொல்லிவிட்டால் அதன்பின் விசாரணை இல்லை. "வெள்ளம் அரித்தது" என்று சொன்னால், "ஏன் முன்பே பார்க்கவில்லை?" என்ற கேள்வி எழுகிறது. அந்தக் கேள்விதான் அடுத்த வண்டியைக் காப்பாற்றுகிறது.

இனி, ஆளில்லாமல் நடக்கும் விளக்கு. அதற்கு ஆள் உண்டு, நேயர்களே! மழைக்காலத்தில் இருப்புப் பாதையை இரவு முழுவதும் நடந்தே சோதிக்கும் தொழிலாளி அவர். தோளில் பை, கையில் விளக்கு, பையில் அபாய வெடிகள். பாதை அரித்திருந்தால், தொலைவிலேயே தண்டவாளத்தின்மீது அவ்வெடிகளை வைப்பார். வண்டிச் சக்கரம் ஏறியதும் அவை வெடித்து ஓட்டுநரை எச்சரிக்கும். கொட்டும் மழையில் ஊரிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு ஆள் தெரிவதில்லை. விளக்கு மட்டுமே தெரிகிறது. நம்மைக் காக்க நடப்பவரையே நாம் பேய் என்று சொல்லிக் கதவைத் தாழிட்டுக்கொண்டோம்!

பாலத்துத் தூணில் ஒரு கோடு வரைந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுவே வெள்ளத்தின் அபாய அளவு. 2024 நவம்பர் இறுதியில் பெஞ்சல் புயல் கரை கடந்தபோது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. டிசம்பர் 2ஆம் நாள், விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையிலுள்ள 452ஆம் எண் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியது. உடனே அப்பாலத்தில் வண்டிகள் நிறுத்தப்பட்டன. பயணிகள் அல்லற்பட்டார்கள்; ஆனால் எந்த வண்டியும் ஆற்றில் விழவில்லை. மந்திரித்த கயிறு செய்யாததை அந்த ஒரு கோடு செய்தது.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. அமெரிக்காவில், வட கரோலினா மாநிலத்து ஸ்டேட்ஸ்வில் நகரருகே ஒரு பாலத்தில் 1891 ஆகஸ்டு 27ஆம் நாள் வண்டி கவிழ்ந்து இருபதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். ஆண்டுதோறும் அந்நாளில் அங்கே பேய் வண்டி ஓடும் என்பது கதை. 2010இல் அதே நாளில் அதைக் காணச் சிலர் பாலத்தின்மீது சென்று நின்றார்கள். வந்தது உண்மை வண்டி. ஓர் இளைஞர் உயிரிழந்தார். ஆகவே, துணிவைக் காட்டுவதற்காக எந்த ரயில் பாலத்திலும் கால் வைக்காதீர்கள்.

அடுத்த மழையிரவில் தொலைவில் ஒரு விளக்கு நடந்து போவதைக் கண்டால் அஞ்சாதீர்கள். நனைந்தபடி செல்லும் அந்த மனிதரை மனத்தால் வணங்குங்கள். அவர் விழித்திருப்பதால்தான் வண்டியில் இருப்பவர்கள் உறங்குகிறார்கள்.