செங்கல் சூளையும் அத்தாப்புக் கூரையும்
(ஆலயத் திருவிழா கூட்டத்தில் ஆற்றிய உரை)



நான் ஆசிரியராக இருந்தபோது மாணவர்களைச் சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் ரோடு ஸ்ரீ மாரியம்மன் கோயிலுக்கு அழைத்துச் சென்றேன். "சார், சைனாடவுனில் ஏன் நம் கோயில்?" என்று ஒரு பையன் கேட்டான். நல்ல கேள்வி. அதற்குப் பதில், தண்ணீர்!

1819 மே மாதம் ராபிள்ஸுடன் பினாங்கிலிருந்து கப்பலேறி வந்தவர் நாராயண பிள்ளை. அரசாங்கக் குமாஸ்தாவாக இருந்தவர், இங்கே செங்கல் சூளை போட்டார். துணிக்கடையும் வைத்தார். 1822-இல் கடை தீக்கிரையாகிக் கடனாளியானார். அந்த நிலையிலும் கோயில் எண்ணத்தை அவர் விடவில்லை.

முதலில் கோயிலுக்குக் கிடைத்த இடம் தெலுக் ஆயர் தெரு. 'ஆயர்' என்றால் மலாயில் தண்ணீர்தான். ஆனால் பூஜைக்கு வேண்டிய நல்ல தண்ணீர் அங்கே இல்லை! 1821-இல் ஸ்டாம்போர்டு கால்வாய் அருகே வேறு இடம் கொடுத்தார்கள். 1822 நகரத் திட்டம் அதையும் தட்டிப் பறித்தது. 1823-இல்தான் இப்போதுள்ள இடம் கிடைத்தது. 1827-இல் கோயில் எழுந்தது, மரத்தாலும் அத்தாப்பாலும்! ஊருக்கே செங்கல் சுட்டவர் அம்மனுக்கு ஓலைக் கூரைதான் போட முடிந்தது. அவர் பிரதிஷ்டை செய்த சின்ன அம்மன் இன்றும் மூலஸ்தானத்தில் இருக்கிறாள்.

1831-இல் கடலூர் சேஷாசலம் பிள்ளை நிலம் கொடுத்ததை அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. இன்றுள்ள செங்கல் கட்டடத்தின் மிகப் பழைய பகுதி 1843-ஐச் சேர்ந்தது. 1903-இல் மூன்று நிலைக் கோபுரம் மெலிதாக நின்றது. இப்போதைய கோபுரம் 1925-இல் வந்தது. கப்பலிலிருந்து இறங்கி வேலையும் தங்க இடமும் தேடிய நம்மவர்களுக்கு அந்தக் கோயில்தான் முதல் வீடு. பக்கத்துத் தெருக்கள் பகோடா ஸ்திரீட், டெம்பிள் ஸ்திரீட் என்று பெயர் பெற்றதும் அதனால்தான். 1973-இல் தேசிய நினைவுச் சின்னமாக அரசாங்கம் அறிவித்தது. அதன் பிறகும் திருப்பணிகள் நடந்தன. 2023 பிப்ரவரியிலும் கும்பாபிஷேகம் கண்டது. பழையதை இடிக்காமலே புதுப்பிக்கலாம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

இதை ஏன் இங்கே சொல்கிறேன்? நம் ஆலயத் திருப்பணிப் பேச்சில், முன்மண்டபத்தை இடித்துப் பளிங்கு போடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை என்பதைக் கூட்டத்திலும் சொன்னேன், இங்கும் சொல்கிறேன். அந்தத் தூண்களை நிறுத்தியவர்களின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. தூண்களும் போய்விட்டால் அவர்கள் இருந்ததற்கு எது அடையாளம்?

அடுத்த கூட்டத்தில் முடிவெடுக்க இருக்கிறோம். அதற்குள் உங்கள் வீட்டில் தாத்தா காலத்து நன்கொடை ரசீதோ, மண்டபத்தின் பழைய புகைப்படமோ இருந்தால் அன்புகூர்ந்து ஆலய அலுவலகத்திற்குக் கொண்டு வாருங்கள். பிரதி எடுத்துக்கொண்டு அன்றே திருப்பித் தருகிறோம்.