இடது கை



நீட்டில் மார்க் குறைந்தால் தெருவே திரண்டு துக்கம் விசாரிக்க வருகிறது. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. ஆஸ்பத்திரி என்றால் டாக்டர் மட்டும்தானா?

எங்கள் அப்பாவுக்குச் சிறுநீரகம் போய்விட்டது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ், தடவைக்கு நாலு மணி நேரம். டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போவார். நாலு மணி நேரமும் கூடவே இருந்தது டெக்னீஷியன் தம்பி. பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்வான். ஊசி குத்துமுன் அப்பாவின் இடது கையில் விரல் வைப்பான். டயாலிசிஸுக்காக இணைத்த ரத்தக்குழாயான பிஸ்டுலாவில் ரத்தம் ஓடினால், தூங்குகிற பூனையின் வயிறு மாதிரி தோலுக்கடியில் அதிரும். "ஓடுதுங்கய்யா" என்பான். அந்த ஒரு சொல்லைக் கேட்கத்தான் அப்பா பஸ் ஏறி வருவார்.

தட்டுங்கள், அவனுக்காகத் தட்டுங்கள்!

நம் மதுரையிலேயே இன்னொன்று பாருங்கள். 1976-இல் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார் டாக்டர் வெங்கடசாமி. முடக்குவாதத்தில் கோணிப்போன விரல்களால் லட்சம் அறுவை சிகிச்சை செய்த மகான்! அங்கே பார்வை சோதிப்பதும், கண் அழுத்தம் பார்ப்பதும், தியேட்டரில் கருவி எடுத்துக் கொடுப்பதும் யார்? அங்கேயே பயிற்சி பெற்ற கிராமத்துப் பெண்பிள்ளைகள்!

பஸ் ஸ்டாண்டுச் சுவரெல்லாம் போஸ்டர் ஒட்டுகிற புண்ணியவான்களைக் கேட்கிறேன். ஆறே மாதத்தில் பாராமெடிக்கல், வேலை நிச்சயமா? உங்கள் சான்றிதழை எந்தக் கவுன்சில் பதிவு செய்யும்? இணை மருத்துவத் தொழிலுக்கென்றே 2021-இல் சட்டம் வந்தாகிவிட்டது. நீங்கள் வாங்குவது தாலியை அடகு வைத்த காசு ஐயா! பிள்ளைகளே, பட்டப்படிப்பு என்றால் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழக இணைப்பு உண்டா என்று கேட்டுவிட்டுப் பணத்தைக் கட்டுங்கள்.

விலங்கியல் படிக்கிற தங்கச்சி, உனக்குப் பொது சுகாதாரத்தில் மேற்படிப்பு இருக்கிறது. சமூகப்பணி படிக்கிற தம்பி, காப்பீட்டு அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு திகைக்கிற குடும்பத்துக்கு வழி சொல்ல நீதான் வேண்டும்.

இந்த வேலை மனசுக்கு ஒட்டுமா என்கிறீர்களா? நாளைக் காலையில் பெரியாஸ்பத்திரி ஓ.பி. சீட்டு வரிசையில் போய் நில்லுங்கள். தனியாக வந்த ஒரு கிழவியைக் கைபிடித்து எக்ஸ்ரே வரைக்கும் கூட்டிப் போங்கள். சீழ் வாடை அடிக்கும், அழுகைச் சத்தம் கேட்கும். வீட்டுக்கு வந்து சோறு இறங்குகிறதா பாருங்கள். இறங்கி, மறுநாளும் போகத் தோன்றினால் நீங்கள் எங்கள் ஆள்!

அந்த டெக்னீஷியன் தம்பியை விட்டுவிட்டு என்னால் மேடையிலிருந்து இறங்க முடியவில்லை. அப்பா போன அன்றைக்கு நைட் ட்யூட்டி முடித்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தான். மாலை போட்டான். குனிந்து அப்பாவின் இடது கையில், அதே இடத்தில், விரலை வைத்தான். வெகுநேரம் எடுக்கவே இல்லை.