ஜட்ஜ் நம்ம ஆளா? விசாரணை நீதிபதியின் தகுதி பற்றி ஒரு பேச்சு

(தெம்பனிஸில் தமிழ்க் குடும்பங்களுக்காக நடந்த சட்ட விளக்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஞாயிற்றுக்கிழமை மதியம். சமைத்ததை மூடி வைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். சிலர் இரவு ஷிஃப்ட் முடித்துவிட்டுத் தூங்காமல் வந்திருக்கிறீர்கள். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஓர் அடிதடி வழக்கில் ஒரு பையனுக்காக ஆஜரானேன். விசாரணை அறைக்கு வெளியே அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்: "தம்பி, ஜட்ஜ் நம்ம ஆளா?" இல்லை என்றேன். அந்த முகம் அப்படியே வாடிப் போனது. இன்னொரு வழக்கில், இன்னொரு குடும்பம். அன்று ஆசனத்தில் இருந்தவர் இந்தியர். அவர்களுக்கு அப்படி ஒரு நிம்மதி! தண்டனை என்னவோ சட்டத்தில் உள்ளபடிதான் வந்தது. வெளியே வந்து என்னை முறைத்தார்கள்.

அந்த அம்மாவுக்கு அன்று நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. இன்று சொல்லப் பார்க்கிறேன். அவர் கேட்டதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். சிறுபான்மையாக வாழ்கிறவனுக்கு அந்தக் கேள்வி தானாக வரும். ஆனால் அதைவிடப் பயனுள்ள கேள்வி ஒன்று இருக்கிறது: அந்த நாற்காலியில் உட்கார்வதற்கு முன்னால் இவர் என்ன செய்துகொண்டிருந்தார்? யாருடைய பக்கத்தில் நின்று சட்டம் கற்றுக்கொண்டார்?

முதலில் இந்த நாற்காலி எவ்வளவு பெரியது என்று பாருங்கள். தலைமை நீதிபதி, மேல்முறையீட்டு நீதிமன்றம் என்றெல்லாம் பத்திரிகையில் படிக்கிறோம். நம் வீட்டுப் பிள்ளைகளின் வழக்கு பெரும்பாலும் அங்கே போவதில்லை. ஹேவ்லாக் சதுக்கத்தில் இருக்கும் அரசு நீதிமன்றங்களில்தான் தொடங்குகிறது, அங்கேயே முடிந்தும் விடுகிறது. 2014 வரை அதன் பெயர் 'சார்நிலை நீதிமன்றங்கள்'. பெயரில் சிறியதாக இருந்ததே தவிர அதிகாரம் சிறியதல்ல. மாவட்ட நீதிமன்றம் ஒரு குற்றத்துக்குப் பத்து ஆண்டு வரை சிறையும் 12 பிரம்படி வரையும் விதிக்கலாம். மாஜிஸ்திரேட் நீதிமன்றம் மூன்று ஆண்டு வரை சிறை விதிக்கலாம். ஜூரியும் கிடையாது. 1970-இல் ஜூரி முறை அடியோடு ஒழிக்கப்பட்டது. வழக்கறிஞர் டேவிட் மார்ஷல் எவ்வளவோ எதிர்த்துப் பார்த்தார். ஆகவே சாட்சி சொல்வது உண்மையா பொய்யா என்று தீர்மானிப்பது ஒரே ஒரு மனிதர்தான்.

"அப்பீல் இருக்கிறதே" என்பீர்கள். இருக்கிறது. ஆனால் மேல் நீதிமன்றம் பெரும்பாலும் காகிதத்தைத்தான் படிக்கிறது. சாட்சியின் முகத்தைப் பார்த்தவர், குரலைக் கேட்டவர் கீழ் நீதிபதி. எனவே அவர் நம்பியதை மேலே உள்ளவர்கள் லேசில் மாற்ற மாட்டார்கள்.

மாற்றிய வழக்கு ஒன்று உங்கள் எல்லாருக்கும் தெரியும். பார்த்தி லியானி என்ற இந்தோனேசியப் பணிப்பெண்ணின் வழக்கு. முதலாளி வீட்டில் திருடினார் என்று 2019-இல் கீழ் நீதிமன்றம் 26 மாதச் சிறை விதித்தது. 2020 செப்டம்பர் 4-ஆம் தேதி உயர் நீதிமன்ற நீதிபதி சான் செங் ஒன் அவரை விடுவித்தார். அந்தத் தீர்ப்பில் நான் திரும்பத் திரும்பப் படிக்கும் இடம் ஒன்று உண்டு. ஒரு வாக்குமூலம் எடுத்தபோது அந்தப் பெண் பேசியது பஹாசா இந்தோனேசியா, மொழிபெயர்த்தவர் பேசியதோ மலாய். கேட்க ஒரே மாதிரிதான் இருக்கும். வேலைக்கு வந்த நம் ஊர்த் தம்பி தஞ்சாவூர்த் தமிழில் "எடுத்தேன்" என்றதற்கு என்ன பொருள், எடுத்து வைத்தானா, எடுத்துக்கொண்டானா? இந்தச் சந்தேகம் ஒரு நீதிபதிக்கு வருமா வராதா என்பதில் ஒருவனுடைய சிறைவாசமே அடங்கியிருக்கலாம். இந்தச் சந்தேகம் இரத்தத்தில் வருவதல்ல. எப்போதாவது குற்றம் சாட்டப்பட்டவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் பேச்சை மெனக்கெட்டுக் கேட்டவருக்கு வரும். எந்த இனத்தவராக இருந்தாலும் வரும். அந்த அனுபவம் இல்லாதவருக்கு, அவர் தமிழரேயானாலும், வராமல் போகலாம்.

சரி, நம் சட்டம் என்ன தகுதி கேட்கிறது? மாவட்ட நீதிபதியாக வேண்டுமானால், சட்டத் தொழிலுக்குத் 'தகுதி பெற்றவர்' ஆகி ஏழு ஆண்டு நிறைந்திருக்க வேண்டும். மாஜிஸ்திரேட் என்றால் மூன்று ஆண்டு. தலைமை நீதிபதி பரிந்துரைக்க, அதிபர் நியமிக்கிறார். இனம், மதம், அப்பன் பெயர் எதுவும் அதில் இல்லை. நல்லது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கறுப்பு அங்கி போட்டு வழக்காடிய ஏழு ஆண்டு என்று சட்டம் சொல்லவில்லை. தகுதி பெற்ற நாளிலிருந்து கணக்கு ஓடுகிறது. அந்த ஏழு ஆண்டை அரசாங்க வழக்கறிஞராகக் கழித்தவரும் உட்காரலாம், அமைச்சு ஒன்றில் சட்ட ஆலோசகராகக் கழித்தவரும் உட்காரலாம்.

நீண்ட காலமாக இங்கே நீதிபதியும் அரசாங்க வழக்கறிஞரும் ஒரே சட்டச் சேவையில் இருந்தார்கள். இன்று ஆசனத்தில் இருப்பவர் நாளை வழக்குத் தொடுக்கும் மேசைக்கு மாறலாம். பெரியவர்களுக்கு நினைவிருக்கும். 1984 ஜனவரியில் ஜே.பி. ஜெயரத்னம் வழக்கை விசாரித்த மூத்த மாவட்ட நீதிபதி மைக்கல் கூ, பெரும்பாலான குற்றச்சாட்டுகளிலிருந்து அவரை விடுவித்தார். அதே ஆண்டு ஆகஸ்ட்டில் அவர் தலைமைச் சட்ட அதிகாரி அலுவலகத்துக்கு மாற்றப்பட்டார். இதை ஜெயரத்னம் நாடாளுமன்றத்தில் கிளப்பினார். 1986-இல் நீதிபதி டி.எஸ். சின்னத்துரை தலைமையில் விசாரணை நடந்து, அரசாங்கத் தலையீடு எதுவும் இல்லை என்று முடிவு சொல்லப்பட்டது. ஜெயரத்னமே அரசியலுக்கு வருமுன் மாஜிஸ்திரேட்டாகவும் மாவட்ட நீதிபதியாகவும் இருந்தவர் என்பது பலருக்குத் தெரியாது. அந்த மாற்றலைப் பற்றி ஆளுக்கு ஒரு கருத்து இருக்கலாம். என் கருத்து இவ்வளவுதான்: அப்படி ஒரு கேள்வியே எழாதபடி அமைப்பு இருந்திருக்க வேண்டும். 2022 ஜனவரியில்தான் நீதித்துறைச் சேவை தனியாகப் பிரிக்கப்பட்டு, தலைமை நீதிபதியின் தலைமையில் தனி ஆணையத்தின் கீழ் வந்தது. தாமதம், ஆனாலும் வரவேற்கிறேன்.

இதே கேள்வி உலகத்தில் மற்ற இடங்களில் எப்படி வருகிறது என்று பார்ப்போம். அமெரிக்காவின் பல மாநிலங்களில் விசாரணை நீதிபதியை மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். வேட்பாளர் எங்கே படித்தார், எத்தனை வழக்கு நடத்தினார் என்று தெருவில் நோட்டீஸ் கொடுப்பார்கள். எனக்கு அந்த முறையில் ஆசை இல்லை. ஓட்டுக்காகக் கடுமை காட்டும் நீதிபதி நமக்கு ஆபத்து. ஆனால் அங்கே சாதாரண மக்கள் நீதிபதியின் பின்னணியைக் கேட்பதை யாரும் அதிகப்பிரசங்கித்தனம் என்று நினைப்பதில்லை. நியூயார்க் நகரில் மேயரே நியமிக்கும் நீதிமன்றங்களும் உண்டு. சென்னையில் பிறந்த ராஜ ராஜேஸ்வரி 2015 ஏப்ரலில் அப்படித்தான் குற்றவியல் நீதிபதியானார். நம்மவர்கள் "தமிழ்ப் பெண்" என்று கொண்டாடினார்கள். நானும் மகிழ்ந்தேன். ஆனால் அவருடைய உண்மையான தகுதிச் சான்று, ஸ்டேட்டன் ஐலண்ட் அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் பதினாறு ஆண்டு செய்த வேலை.

இப்போது ஊருக்கு வருவோம். எனக்கு மனதுக்கு நெருக்கமான கதை இது. திருவண்ணாமலை மாவட்டம், ஜவ்வாது மலைப் பகுதி. மலையாளி என்ற பழங்குடியைச் சேர்ந்த பெண் ஸ்ரீபதி. (பெயர்தான் மலையாளி, கேரளத்தார் அல்லர். தமிழ்நாட்டு மலைகளில் வாழும் மக்கள்.) ஏலகிரியில் பள்ளிப் படிப்பு, பிறகு சட்டம். படிக்கும்போதே திருமணம். சிவில் நீதிபதித் தேர்வு 2023 நவம்பரில் சென்னையில். குழந்தை பிறந்து ஓரிரு நாள்தான் ஆகியிருந்தது. பச்சை உடம்போடு இருநூறு கிலோமீட்டருக்கு மேல் காரில் போய் எழுதினார். 2024 பிப்ரவரியில் தேர்வானார் என்று செய்தி வந்தது. வயது 23. தமிழ்நாட்டில் பழங்குடிப் பெண் ஒருவர் சிவில் நீதிபதியாவது இதுவே முதல் முறை என்று பத்திரிகைகள் எழுதின. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு முன்னுரிமை தரும் ஏற்பாட்டில் அவர் தேர்வானதை முதலமைச்சர் பெருமையுடன் குறிப்பிட்டார். அரசு வேலைகளில் இருபது விழுக்காடு தமிழ்வழியில் படித்தவர்களுக்கு என்று 2010-இல் அங்கே சட்டம் வந்தது. ஒரு மலைக்கிராமத்துப் பெண் நீதிபதி ஆசனத்துக்கு வர எத்தனை கதவுகள் ஒன்றாகத் திறக்க வேண்டியிருந்தது பாருங்கள்.

அடுத்த வருடமே ஒரு கதவு சாத்தியது. 2025 மே 20. இந்திய உச்ச நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி பி.ஆர். கவாய் அமர்வு தீர்ப்பு சொன்னது: இனி சிவில் நீதிபதித் தேர்வு எழுத மூன்று ஆண்டு வழக்கறிஞர் அனுபவம் வேண்டும். இது புதிய விதியும் அல்ல. 1993-இல் இருந்தது. 2002-இல் ஷெட்டி ஆணையப் பரிந்துரைப்படி எடுத்தார்கள். 2025-இல் திரும்பக் கொண்டுவந்தார்கள். அதற்கு முன் தொடங்கிய தேர்வுகளுக்குப் பொருந்தாது என்றும் சொன்னார்கள். காரணம்? கல்லூரியிலிருந்து நேராக ஆசனத்துக்கு வந்தவர்களுக்கு நீதிமன்ற நடைமுறை தெரியவில்லை, வழக்கறிஞர்களிடமும் வழக்காட வந்தவர்களிடமும் நடந்துகொள்ளத் தெரியவில்லை என்ற புகார்.

நான் ஒரு வழக்கறிஞன். அந்தக் காரணம் எனக்குப் புரிகிறது. புத்தகம் மட்டும் படித்து வந்தவரிடம் ஒருவனுடைய பத்து வருட வாழ்க்கையைக் கொடுக்க எனக்கும் பயம்தான். கொஞ்சம் முன்னால் அனுபவம் வேண்டும் என்று இதே வாயால்தான் பேசினேன். ஆனால் 23 வயது ஸ்ரீபதியிடம் மூன்று ஆண்டு அனுபவம் எங்கிருந்து வரும்? அந்த விதி 2023-இல் இருந்திருந்தால் அவர் தேர்வு அறைக்குள்ளேயே போயிருக்க முடியாது. "இன்னும் மூன்று வருடம் பொறுத்து எழுதட்டுமே" என்பார்கள். சொல்வது சுலபம். ஒரு சீனியரிடம் ஜூனியராகச் சேர்ந்தால் பேருந்துக் காசு கிடைத்தாலே அதிர்ஷ்டம் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். கைக்குழந்தையோடு, மலையிலிருந்து, மூன்று வருடம் அதில் தாக்குப்பிடிப்பவர் யார்? அப்பா வழக்கறிஞராக இருக்கும் வீட்டுப் பிள்ளை. விதியில் சாதி இல்லை, வகுப்பு இல்லை. ஆனால் விதி போய்த் தேர்ந்தெடுப்பது யாரை என்று பாருங்கள்.

அனுபவம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அனுபவம் பெறும் காலத்துக்குச் சம்பளம் கொடு என்கிறேன். மூன்று ஆண்டு வேண்டுமென்றால் அந்த மூன்று ஆண்டும் ஏழைப் பட்டதாரிக்கு அரசு உதவித்தொகை கொடுக்கட்டும். இலவச சட்ட உதவி மையங்களில் வேலைக்கு வைக்கட்டும். அப்போது அனுபவமும் வரும், ஸ்ரீபதிகளும் வருவார்கள்.

இது நமக்கும் பொருந்தும். இங்கே 2024 முதல் பயிற்சிக் காலத்தை ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடமாக ஆக்கியிருக்கிறார்கள். தரம் உயர்த்தத்தான், மறுக்கவில்லை. ஆனால் லாரி ஓட்டும் அப்பாவுக்கும் துப்புரவு வேலை செய்யும் அம்மாவுக்கும், பிள்ளை முழுச் சம்பளத்துக்கு வரும் நாள் இன்னும் ஆறு மாதம் தள்ளிப்போகிறது. இங்கே தமிழர் நீதிபதிகள் இல்லாமல் இல்லை. ஏ.பி. ராஜா, பஞ்ச் குமாரசுவாமி, சின்னத்துரை, கே.எஸ். ராஜா என்று உயர் நீதிமன்றத்தில் இருந்திருக்கிறார்கள். ஏ.பி. ராஜா ஆக்ஸ்ஃபர்டில் படித்தவர். அந்தப் பெயர்களை நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். நம் புளோக்கிலிருந்து ஒருவர் மாஜிஸ்திரேட்டாகப் போனார் என்று சொல்ல எனக்கு ஆசை.

அதற்கு வழி இருக்கிறது. சட்டம் படிக்க என்யுஎஸ், எஸ்எம்யு மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். கிளமெண்டியில் உள்ள சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தின் சட்டக் கல்வி 2017-இல் தொடங்கியது. குற்றவியல் வழக்கு, குடும்ப வழக்கு இரண்டுக்கும் ஆள் வேண்டும் என்பதற்காகவே தொடங்கினார்கள். வேலை பார்த்துக்கொண்டே பகுதி நேரமாகவும் படிக்கலாம். போலீஸிலும் சமூக சேவையிலும் இருந்தவர்கள் போன்ற, வாழ்க்கையில் அடிபட்டவர்களுக்கு ஏற்ற இடம். அடுத்து, 2022 டிசம்பரில் பொதுத் தற்காப்பு வழக்கறிஞர் அலுவலகம் தொடங்கியது. வசதியில்லாத குற்றஞ்சாட்டப்பட்டவர்களுக்கு அரசாங்கச் சம்பளத்தில் வாதாடும் வேலை. அங்கே பத்து வருடம் உட்கார்ந்தவர் ஒருவர் மாவட்ட நீதிபதியானால், அவர் சீனரோ மலாய்க்காரரோ தமிழரோ, அந்த அம்மாவிடம் நான் தைரியமாகச் சொல்வேன், "அக்கா, நம்ம ஆள்தான்" என்று.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். அரசு நீதிமன்றங்களின் எழுத்துபூர்வத் தீர்ப்புகள் இணையத்தில் இலவசமாகப் படிக்கக் கிடைக்கின்றன. உங்கள் வழக்கை விசாரிக்கப் போகிறவரின் பெயர் தெரிந்தால், வீட்டில் ஆங்கிலம் நன்றாகப் படிக்கும் பிள்ளையை விட்டுத் தேடச் சொல்லுங்கள். சாட்சியை எப்படி எடைபோடுகிறார், தற்காப்புத் தரப்பு சொன்னதற்குப் பதில் எழுதுகிறாரா என்பது அதில் தெரியும். ஹேவ்லாக் சதுக்கத்தில் பெரும்பாலான விசாரணைகளில் பொதுமக்கள் பின்னால் உட்கார்ந்து பார்க்கலாம், கட்டணம் இல்லை. கைத்தொலைபேசியை அணைத்துவிட வேண்டும், அவ்வளவுதான். பள்ளி விடுமுறையில் ஒரு காலைப்பொழுது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். நானும் வருகிறேன். பெயர் கொடுக்க விரும்புபவர்கள் வாசலில் உள்ள தாளில் எழுதுங்கள். இப்போது தேநீர் வந்துவிட்டது என்று நினைக்கிறேன். குடித்துக்கொண்டே கேள்விகளைக் கேளுங்கள்.