வயிற்றால் ஒரே கட்சி!



எதிரணி நண்பர் கேட்டார், "ஒட்டகம் எங்கே, குரங்கு எங்கே? இரண்டுக்கும் என்ன சம்பந்தம்?" என்று. நியாயமான கேள்விதான். ஒன்று பாலை மணலில் நடப்பது. மற்றது நம் பினாங்குக் காட்டில் கிளைக்குக் கிளை தாவுவது. ஒட்டகம் திமிலில் கொழுப்பைச் சேர்த்து வைத்துக்கொண்டு பட்டினியைத் தாங்கும். (தண்ணீர் என்று சொல்வார்கள், நம்பாதீர்கள்!) குரங்குக்கு அந்தச் சேமிப்புக் கணக்கு கிடையாது. காடு அன்றாடம் கொடுத்தால்தான் சாப்பாடு.

ஆனால், ஐயா, வயிற்றைப் பாருங்கள்! தாவரவியல் பூங்கா மரங்களில், மூக்குக் கண்ணாடி போட்ட வாத்தியாரைப் போல, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையத்தோடு ஒரு கருங்குரங்கு உட்கார்ந்திருக்குமே, மலாயில் லோத்தோங் என்பார்கள், அதன் வயிறு பல அறைகள் கொண்டது. ஒட்டகத்தின் வயிற்றுக்கும் மூன்று அறை. இரண்டிலும் நுண்ணுயிர்கள் குடியிருந்து, நம்மால் செரிக்க முடியாத இலை தழையைப் புளிக்கவைத்துச் சத்தாக்குகின்றன. நம் வீட்டு இட்லி மாவு புளிப்பதுபோலத்தான்! முள்செடியைத் தின்று ஒட்டகம் பிழைப்பதும், இலையைத் தின்று லோத்தோங் பிழைப்பதும் இந்த ஒரே வித்தையால்.

இதை ஏன் சொல்கிறேன்? குரங்கைக் கண்டால் ரொட்டி, பிஸ்கட் போடுவது புண்ணியம் என்று நம்மில் சிலர் நினைக்கிறோம். இனிப்பும் மாவும் அந்த வயிற்றில் மளமளவென்று புளித்து, அமிலம் ஏறி, உயிருக்கே ஆபத்தாகலாம். கன்னப்பையில் அடைத்துக்கொள்ளும் நீளவால் குரங்கோ, கொடுத்துப் பழகினால் நாளை நம் கைப்பையையே பறிக்கும். பிறகு "குரங்குத் தொல்லை" என்று நாமே புகார் கொடுப்போம்!

புண்ணியம் வேண்டுமா? 2019-இல் தெலுக் பஹாங்கில் என்ன செய்தார்கள் தெரியுமா? சாலையைக் கடக்கும் லோத்தோங்குகள் வண்டியில் அடிபடாமலிருக்க, பழைய தீயணைப்புக் குழாய்களை வைத்து மரத்துக்கு மரம் பாலம் கட்டினார்கள். 2021-இல் கொடிமலையை யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. உலகம் மதிக்கும் காட்டை நாம் மதிக்க வேண்டாமா?

ஒட்டகத்தை வளர்க்க மனிதன் இருக்கிறான். லோத்தோங்குக்கு நம் மரங்களை விட்டால் வேறு நாதியில்லை. ரொட்டியைப் பைக்குள் வையுங்கள், மரத்தை வெட்டாமல் வையுங்கள் என்று கேட்டு அமர்கிறேன்.