பட்டியலில் இல்லாத பெயர்கள்

(சங்கத்தின் ஆண்டுப் பொதுக்குழுவில் நிகழ்த்திய உரை)



எனக்கு முன் பேசிய தோழர், மும்பை மாநகராட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று சட்டமே சொல்லிவிட்டதே, இனி என்ன குறை என்று கேட்டார். சட்டம் இருப்பது உண்மைதான். 2011-இல் மராட்டிய அரசு உள்ளாட்சிகளில் பெண்களுக்கான இடத்தை நூற்றுக்கு ஐம்பதாக உயர்த்தியது. 2012 தேர்தலில் 227 வார்டுகளில் 114 பெண்களுக்கு ஒதுக்கப்பட்டன. ஆனால் நம் சாலில் குடியிருக்கும் ஒரு பெண் அங்கே நிற்க வேண்டுமானால், முதலில் இந்த நகரத்து வாக்காளர் பட்டியலில் அவள் பெயர் இருக்க வேண்டும். அங்கேதான் நாம் இடறி விழுகிறோம்.

கலியாணமாகி நெல்லைப் பக்கமிருந்து இங்கே வந்தவளின் பெயர் ஊர்ப் பட்டியலிலேயே கிடக்கிறது. வீட்டுக்காரர் தம் பெயரை இங்கே சேர்த்துக்கொள்கிறார். ‘உனக்கு எதுக்கு இப்போ?’ என்று அவள் பெயர் விட்டுப்போகிறது. நானே எட்டாண்டு அப்படிக் கிடந்தவள். வழக்கமாக வசிக்கும் இடத்தில்தான் ஒருவர் வாக்காளர், இரண்டு தொகுதியில் பெயர் இருக்கலாகாது என்பது 1950-ஆம் ஆண்டுச் சட்டம். வாக்குப் போடுவதற்கென்று ரயில் ஏறி ஊருக்குப் போகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்? 2013-இன் உணவுப் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டு வயது நிரம்பிய மூத்த பெண்ணையே ரேஷன் கார்டில் குடும்பத் தலைவி ஆக்கியது. அரிசி வாங்கத் தலைவி, வாக்குச் சாவடியில் அந்நியள்!

இதனால் என்ன நஷ்டம் என்பீர்கள். 2011-இல் இதே மும்பையில் பெண்கள் அமைப்புகள் ஒரு கேள்வி எழுப்பின. பொதுக் கழிப்பிடத்தில் ஆண்கள் சிறுநீர் கழிக்கக் காசில்லை, பெண்களிடம் மட்டும் காசு வாங்குகிறார்களே, இது என்ன நியாயம்? மாமன்றத்தில் அதுவரை பெரும்பாலும் ஆண்களே வீற்றிருந்தார்கள். அவர்கள் கெட்டவர்கள் அல்லர். அந்தக் காசைக் கொடுக்க அவர்களுக்கு நேர்ந்ததில்லை, அவ்வளவே. குழாயில் தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது, கழிப்பிடத்தில் இரவு விளக்கு எரிகிறதா என்பதெல்லாம் வார்டு விவகாரங்கள். அவற்றைத் தினமும் அனுபவிக்கிறவள் வாக்காளராகவே இல்லாதபோது எந்த வேட்பாளர் அவள் வாசலுக்கு வருவார்?

நகர்சேவிகா பெயருக்குத்தான், புருஷன்தானே நடத்துகிறான் என்று சிரிக்கிறவர்களும் இருக்கிறார்கள். நடக்கிறது, மறுக்கவில்லை. பதாகையில் அவள் படத்தைவிட அவர் படம் பெரிதாக இருந்ததை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் அவள் வேலையைக் கற்றுத் தேறும் நேரத்தில் குலுக்கலில் ஒதுக்கீடு வேறு வார்டுக்குப் போய்விடுகிறது. பொது வார்டில் அவளை நிறுத்தக் கட்சிகள் தயங்குகின்றன. அதைப் பற்றி யாரும் சிரிப்பதில்லை.

ஒதுக்கீடு இருந்தும் மாமன்றமே இல்லாத காலமும் உண்டு. 2022 மார்ச்சில் பதவிக்காலம் முடிந்தபின் மூன்றாண்டுக்கு மேலாகத் தேர்தலே நடக்கவில்லை, அதிகாரி ஆட்சிதான். நாடாளுமன்றத்தின் கதை இன்னும் நீளம். 1996-இல் முதலில் வந்த மசோதா 2023-இல்தான் சட்டமாயிற்று. அப்போதும் குடிக்கணக்கும் தொகுதி வரையறையும் முடிந்த பிறகே என்று முடிச்சுப் போட்டார்கள். சென்னை மாகாணமும் பம்பாய் மாகாணமும் 1921-லேயே பெண்களுக்கு வாக்குரிமை தந்தவை. சொத்துள்ள பெண்களுக்கு மட்டும்தான், அது வேறு கதை.

டில்லியின் முடிச்சை நாம் இங்கிருந்து அவிழ்க்க முடியாது. பட்டியல் நம் கைக்கு எட்டும். புதிதாகச் சேர்கிறவர்களுக்குப் படிவம் 6, ஊரிலிருந்து பெயரை மாற்றுகிறவர்களுக்குப் படிவம் 8. வருகிற நான்கு ஞாயிறும் சங்க வாசலில் மேசை போட்டு நிரப்பித் தர வேண்டும் என்பது என் தீர்மானத்தின் முதல் பகுதி. சங்கச் செயற்குழுவில் இன்றுவரை ஒரு பெண்ணும் இல்லை, அதில் பாதி இடம் வேண்டும் என்பது இரண்டாவது.

தீர்மானத்தைச் செயலாளர் அவர்களிடம் கொடுத்திருக்கிறேன். பின்கட்டில் தேநீர் போட்டுக்கொண்டிருக்கிற பெண்களும் சந்தா கட்டிய உறுப்பினர்களே. கைதூக்கச் சொல்வதற்கு முன் அவர்களை உள்ளே அழையுங்கள்.