அடிபட்டவர்கள் எழுதும் அமைதி



சாதித் தாக்குதல் நடந்த ஊர்களில் அடுத்து 'அமைதிப் பேச்சுவார்த்தை' நடக்கும். வீடு எரிந்தவரையும் எரித்தவரையும் எதிரெதிரே உட்காரவைத்து, புகாரைத் திரும்பப் பெறச் சொல்வார்கள். அது அமைதி அல்ல, வாயடைப்பு.

அமைதியை அடிபட்டவர்களே எழுதினால் எப்படி இருக்கும்? ஹிரோஷிமாவைப் பாருங்கள். 1945 ஆகஸ்ட் 6 அன்று அமெரிக்கா வீசிய அணுகுண்டால், அந்த ஆண்டு முடிவதற்குள் சுமார் 1,40,000 பேர் இறந்தார்கள். அதைப் பற்றிய எழுத்தை ஆக்கிரமிப்பு ராணுவம் தணிக்கை செய்தது. பிழைத்தவர்களைச் சொந்த நாட்டவரே திருமணத்திலும் வேலையிலும் ஒதுக்கினார்கள். பிறக்கும் பிள்ளைக்கும் நோய் வரும் என்று ரத்தத்தைக் காரணம் காட்டினார்கள். இந்த மொழி நமக்குப் புதிதா?

குண்டுவீச்சில் தப்பிய கவிஞர் டோகே சங்கிச்சியும் அவருடைய தோழர்களும் சாதாரண மக்களிடம் கவிதைகளைக் கேட்டுத் திரட்டினார்கள். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் முதல் பெரியவர்கள் வரை எழுதிக் கொடுத்தார்கள். 'அணுமேகத்தின் கீழிருந்து' என்ற பெயரில் 1952இல் அது நூலாக வந்தது. அடுத்த ஆண்டே, 36 வயதில், டோகே இறந்துபோனார்.

எழுதியவர்களில் பெரும்பாலோர் கவிஞர்கள் அல்லர். நடந்ததைச் சொன்னார்கள். இனி யாருக்கும் இது நடக்கக்கூடாது என்று கேட்கும் உரிமை அதிலிருந்துதான் வந்தது.

நம் சேரிகளிலும் இதைத் தொடங்குவோம். எழுத்தறியாத பாட்டி சொல்லட்டும், பேத்தி எழுதட்டும். எரிந்தது எது, எரித்தது யார் என்று சொல்லாத அமைதி நமக்கு வேண்டாம்.

ஜெய் பீம்.