பொருள்நிலை பாராத கல்விச்சாலைகள்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

இன்னிசையும் நாடகமும் காத்திருக்கும் வேளையில் கல்விக் கட்டணத்தைப் பற்றிப் பேச ஒருவன் எழுந்து நிற்பது அவைக்கு உவப்பளிக்கும் செய்தி அன்று. ஆயினும், சென்ற ஓராண்டாக இக்குடியிருப்பில் என்னைக் கண்ட பெற்றோர் பலரும் ஒரே வினாவையே வினவி வருகின்றனர். "பெண் நன்றாகப் படிக்கிறாள். பட்டப் படிப்பையே அமெரிக்காவில் படிக்க வேண்டும் என்கிறாள். நம்மைப் போன்ற மாதச் சம்பளக்காரர்களால் ஆகிற காரியமா?" என்பதே அவ்வினா. அதற்கு மேடையிலேயே விடை கூறிவிடுமாறு செயலாளர் அவர்கள் பணித்தார்கள். சிறிது நேரம் பொறுத்தருள வேண்டுகிறேன்.

முதலில் செலவைச் சொல்லிவிடுகிறேன். ஹார்வர்டு, யேல் முதலிய பல்கலைக் கழகங்களில் இளநிலைப் பட்டத்திற்கு ஓராண்டுக் கல்விக் கட்டணமும் உறைவிடமும் உணவும் சேர்ந்து 85,000 டாலருக்கு மேல் ஆகின்றன. நம் நாணயத்தில் அது 70 லட்சம் ரூபாயைத் தாண்டும். நான்காண்டுக்கு மூன்று கோடியை நெருங்கும். இத்தொகையைக் கேட்ட மாத்திரத்தில் விண்ணப்பத்தை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிடுவோரே நம்மில் மிகுதி. அவர்களைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அத்தொகையை எல்லாரும் கட்டுவதில்லை என்பதை அவர்களுக்கு எவரும் எடுத்துரைக்கவில்லையே என்பதுதான் என் வருத்தம்.

அங்கே கணக்கிடும் முறை வேறு. குடும்பத்தின் வருவாய், சொத்து, வீட்டில் படிக்கும் பிள்ளைகள் எத்தனை பேர் என்பனவற்றை ஆராய்ந்து, "இக்குடும்பத்தால் ஆண்டுக்கு இவ்வளவு தர இயலும்" என்று கல்லூரி முடிவு செய்கிறது. மொத்தச் செலவிலிருந்து அதனைக் கழித்தால் எஞ்சுவது 'தேவை'. எடுத்துக்காட்டாக, செலவு 86,000 டாலர், குடும்பம் தரக்கூடியது 6,000 டாலர் என்று வைத்துக் கொள்வோம். எஞ்சிய 80,000 டாலரையும் கல்லூரியே ஏற்கும். பெரும்பகுதி திருப்பித் தர வேண்டாத கொடை. சிறு பகுதி, மாணவர் நூலகத்திலோ உணவுக் கூடத்திலோ வாரத்தில் சில மணி நேரம் உழைத்து ஈட்டுவது. பிரின்ஸ்டன் பல்கலைக் கழகம் 2001-ஆம் ஆண்டிலேயே இவ்வுதவியிலிருந்து கடனை அறவே நீக்கிவிட்டது. ஹார்வர்டோ, 2025-26 கல்வியாண்டு முதல், ஆண்டு வருவாய் 1,00,000 டாலருக்கு உட்பட்டு, சொத்தும் வழக்கமான அளவில் உள்ள குடும்பத்திடம் பெற்றோர் பங்காக எதையும் எதிர்பார்ப்பதில்லை என்று அறிவித்தது. அந்த எண்ணை உடனே ரூபாயாக மாற்றி மகிழ்ந்துவிட வேண்டாம். ஒவ்வொரு குடும்பத்தின் கணக்கையும் தனித்தனியேதான் பார்ப்பார்கள்.

இதனை நாம் பழகிய சொல்லால் 'உபகாரச் சம்பளம்' என்று சொல்லிவிடுகிறோம். அச்சொல்லைக் கேட்டதும் முதல் மதிப்பெண், பதக்கம், கைதட்டல் எல்லாம் நம் நினைவுக்கு வருகின்றன. ஹார்வர்டும் யேலும் சேர்ந்த எட்டுப் பல்கலைக் கழகங்களை ஐவி லீக் என்பர். அவற்றில் ஒன்றுகூட மதிப்பெண்ணுக்காகப் பொருள் தருவதில்லை. மதிப்பெண்ணும் பிற திறமைகளும் உள்ளே நுழைவதற்குத்தான் உதவும். நுழைந்த பின், முதல்வனாக வந்தவனுக்கும் கடைசி இடம் பெற்றவனுக்கும் குடும்ப நிலை ஒன்றேயானால் உதவியும் ஒன்றே.

இப்பொருள் எங்கிருந்து வருகிறது? சோழர் காலத்துக் கல்வெட்டுகளில், கோயிலில் நந்தா விளக்கு எரிக்க 96 ஆடுகள் கொடுத்த செய்தி மீண்டும் மீண்டும் வரும். அவற்றைச் 'சாவா மூவாப் பேராடு' என்று எழுதினார்கள். ஆடு சாகாதா, மூப்படையாதா? மந்தையின் தொகை குறையாமல் காத்து, நாள்தோறும் நெய் மட்டும் அளந்தார்கள். ஆதலின் முதல் சாகவில்லை, விளக்கும் அணையவில்லை. அந்தப் பல்கலைக் கழகங்களின் நிதியும் இவ்வாறு அமைந்ததே. ஹார்வர்டின் அறநிதி 2024-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 5,300 கோடி டாலர். முதலைத் தொடாமல் அதன் பயனிலிருந்து ஆண்டுதோறும் ஒரு சிறு விழுக்காட்டை எடுத்துச் செலவிடுகிறார்கள். இவ்வறத்தை அங்கே தொடங்கி வைத்தவர் ஒரு பெண்மணி. ஆன் ராட்கிளிப் என்னும் இயற்பெயர் கொண்ட மௌல்சன் சீமாட்டி, 1643-இல் வறிய மாணவர் ஒருவரின் பராமரிப்புக்கென 100 பவுன் அளித்தார்.

யேல் பல்கலைக் கழகத்தின் கதையோ நம் சென்னையோடு தொடர்புடையது. எலிகு யேல் என்பவர் 1687 முதல் 1692 வரை சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்தவர். தமக்கென வாணிகம் நடத்திப் பெரும் பொருள் சேர்த்தார். அதன் பொருட்டே பதவியும் இழந்தார். அவர் ஆட்சியில் சென்னைக் கரையிலிருந்து அடிமைகளைக் கப்பலேற்றியதும் வரலாற்றில் பதிவாகியுள்ளது. பின்னர் இங்கிலாந்திலிருந்து 1718-இல் ஒன்பது பொதிச் சரக்கும் 417 நூல்களும் மன்னரின் உருவப்படம் ஒன்றும் அமெரிக்காவிலிருந்த ஒரு சிறு கல்லூரிக்கு அனுப்பி வைத்தார். சரக்கை விற்றுக் கட்டடம் எழுப்பினார்கள். கல்லூரிக்கு அவர் பெயரையே சூட்டினார்கள். அச்செல்வம் வந்த வழி தூயதன்று. அச்செல்வம் விளைந்த நிலத்தைச் சேர்ந்தவர்களின் கொள்ளுப் பேத்தி அங்கே சென்று படிப்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை என்பதை மட்டும் சொல்லி மேலே செல்கிறேன்.

இனி, பெற்றோர்கள் ஊன்றிக் கேட்க வேண்டிய பகுதிக்கு வருகிறேன். அமெரிக்கக் கல்லூரிகள் எல்லாம் ஒரு தன்மையன அல்ல. உதவி வேண்டும் என்று கேட்டவரா, கேளாதவரா என்று பாராமலே வெளிநாட்டு மாணவரையும் தேர்ந்தெடுத்து, பின்னர் முழுத் தேவையையும் நிறைவு செய்யும் கல்லூரிகள் மிகச் சிலவே. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹர்ஸ்ட் ஆகியவை அவ்வகையின. டார்ட்மத், பௌடின் ஆகியன 2022-இலும், பிரவுன் 2025-இல் சேர்ந்த வகுப்பு முதலும் இவ்வரிசையில் வந்தன. டார்ட்மத் இதற்கு முன்பும் ஒருமுறை இவ்வாறு அறிவித்து, சில ஆண்டுகளில் கைவிட்டு, மீண்டும் 2022-இல் ஏற்றுக்கொண்டது. எனவே, பழைய பட்டியலை நம்பாமல், விண்ணப்பிக்கும் ஆண்டில் அந்தந்தக் கல்லூரியின் அறிவிப்பையே பாருங்கள்.

இரண்டாம் வகை, சேர்த்துக் கொண்ட மாணவரின் முழுத் தேவையையும் நிறைவு செய்யும். ஆனால் சேர்க்கும்போதே உதவி கேட்டவரா என்று பார்க்கும். ஸ்டான்போர்டும் கொலம்பியாவும் வெளிநாட்டு மாணவர் திறத்தில் இத்தகையன. மற்றவை மிகப் பல. அங்குள்ள அரசுப் பல்கலைக் கழகங்கள் தம் மாநில மக்களின் வரியால் நடப்பவை. வெளிநாட்டாருக்குத் தேவை நோக்கிப் பொதுவாக உதவுவதில்லை. அமெரிக்க நடுவண் அரசின் கல்வி உதவியும் நம் பிள்ளைகளுக்கு இல்லை.

அந்த இரண்டாம் வகையிலேதான் இடர் இருக்கிறது. உதவி கேட்டால் இடம் கிடைப்பது அரிதாகும் என்பது உண்மையே. ஆதலின் "உதவி வேண்டாம் என்று எழுதிவிடுங்கள், உள்ளே போன பின் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லிக் கொடுக்கும் முகவர்கள் தோன்றியிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம், இவ்வூரினர் அல்லர். தந்தை ஆலையில் பொறியாளர், தாய் பள்ளி ஆசிரியை. முகவரின் சொல்லைக் கேட்டு, ஆண்டுக்கு 35 லட்சம் ரூபாய் தர இயலும் என்று எழுதினார்கள். சேமநிதியிலிருந்து பாதி, ஊரிலுள்ள மனையை விற்று மீதி என்பது அவர்கள் எண்ணம். மகளுக்கு இடம் கிடைத்தது. முதலாண்டு எப்படியோ கடந்தது. மனையில் பங்காளிகள் வழக்கிட்டார்கள். இரண்டாம் ஆண்டுக்கு உதவியைக் கூட்டித் தருமாறு கல்லூரியை வேண்டினார்கள். சேரும்போது எழுதிக் கொடுத்ததே நான்காண்டுக்கும் அளவு என்று விடை வந்தது. கல்லூரி முன்பே அச்சிட்டு அறிவித்திருந்த விதிதான் அது. பல கல்லூரிகள் வெளிநாட்டு மாணவர்க்கு இவ்வாறே விதித்துள்ளன. அந்தப் பெண் இப்போது இங்குள்ள ஒரு கல்லூரியில் மீண்டும் முதலாண்டிலிருந்து படிக்கிறாள். நல்ல பெண், தேறிவிடுவாள். அவள் தந்தைதான் இன்னும் தேறவில்லை.

முகவரின் பேராசையை மட்டும் நான் இதில் காணவில்லை. நம் கூச்சத்தையும் காண்கிறேன். பிறரிடம் கேட்பது இழிவு என்று வளர்ந்தவர்கள் நாம். ஆனால் 'இரவச்சம்' என்று ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், அதற்கு முன்னே 'இரவு' என்றும் ஓர் அதிகாரம் வைத்திருக்கிறார் அல்லவா? ஒளிக்காமல் கொடுப்பாரிடத்தில் கேட்பதை அவர் இழிவாகக் கருதவில்லை. கல்லூரியே நிதி வைத்து, படிவம் அச்சிட்டு, "உங்கள் நிலையைச் சொல்லுங்கள்" என்று கேட்கும்போது, உள்ளதை உள்ளவாறு சொல்வது எப்படி இரத்தல் ஆகும்?

மற்றொரு கூச்சமும் உண்டு. நம் வீடுகளில் தந்தையின் சம்பளம் பிள்ளைகளுக்குத் தெரியாது. சில வீடுகளில் தாய்மார்களுக்கும் தெரியாது. (இங்கே தாய்மார்கள் சிரிப்பதைப் பார்த்தால் என் கணக்குத் தவறவில்லை என்று தோன்றுகிறது.) உதவிக்குரிய படிவத்தைப் பெரும்பாலும் பிள்ளையும் பெற்றோரும் சேர்ந்தே நிரப்ப வேண்டும். 'சி.எஸ்.எஸ். புரொபைல்' என்பது அதன் பெயர்; காலேஜ் போர்டு என்னும் அமைப்பு அதனை நடத்துகிறது. சம்பளம், வங்கி இருப்பு, வீடு, நிலம், கடன் அனைத்தையும் அது கேட்கும். நம் நாணயத்திலேயே எழுதலாம். பதினேழு வயதுப் பிள்ளைக்கு வீட்டின் வரவு செலவைத் திறந்து காட்ட மனமில்லாத தந்தை, விமானச் சீட்டு வாங்கும் வரை காத்திருப்பதால் யாருக்கு என்ன பயன்?

படிவத்தில் நம்மவர் இடறும் இடங்கள் சில. ஊரிலுள்ள நஞ்சையின் பட்டா தாத்தாவின் பெயரில் இருக்கும், பங்கு பிரிந்திராது. அதனை மறைக்கவும் வேண்டாம், முழுவதும் நமதென்று எழுதவும் வேண்டாம். சிறப்புச் சூழ்நிலைகளை விளக்குவதற்கென்றே படிவத்தில் இடம் உண்டு. ஊரிலுள்ள பெற்றோர்க்கு மாதந்தோறும் அனுப்பும் பணம், தங்கையின் திருமணத்திற்கு வாங்கிய கடன், இரண்டாண்டில் வரப்போகும் ஓய்வு, ஓய்வு பெற்றதும் காலி செய்ய வேண்டிய ஆலைக் குடியிருப்பு ஆகியவற்றையெல்லாம் அங்கே எழுதுங்கள். இங்கே வீட்டு வாடகை இன்றி வாழ்கிறோம் என்பது அங்குள்ள அதிகாரிக்குச் செல்வநிலை போலத் தோன்றலாம்; அறுபது வயதில் நாம் குடியேற வீடு இல்லை என்பதை நாம் சொன்னால்தானே அவர் அறிவார்? ஓய்வுக் காலச் சேமிப்பைப் பெரும்பாலான கல்லூரிகள் பிள்ளையின் படிப்புக்கு உரிய பணமாக எண்ணுவதில்லை. ஆகவே சேமநிதியை உடைத்துத் தருவதாக நீங்களே முன்வந்து எழுதாதீர்கள். வருமான வரித் தாக்கலும் படிவம் 16-உம் நீங்கள் எழுதிய தொகையோடு ஒத்திருக்க வேண்டும். ஆங்கிலத்தில் இல்லாத சான்றுகளுக்கு மொழிபெயர்ப்பு வேண்டும்.

நம்பிக்கையை அளவுக்கு மீறி ஊட்டிச் செல்வதும் அறமாகாது. ஹார்வர்டில் அண்மை ஆண்டுகளில் விண்ணப்பித்தோர் நூற்றுவருள் நால்வர்க்கே இடம் கிடைத்தது. எம்.ஐ.டி.யில் வெளிநாட்டு மாணவர்க்கு அதினும் அரிது. நூற்றுக்கு இருவர் அளவே. கதவில் பொருள்நிலை பார்ப்பதில்லை என்பதால் கதவு அகலமாகிவிடவில்லை. அரசியல் காற்றும் மாறி மாறி வீசுகிறது. 2025 மே மாதத்தில், ஹார்வர்டு வெளிநாட்டு மாணவரைச் சேர்க்கும் உரிமையையே அமெரிக்க அரசு பறிக்க முயன்றது. நீதிமன்றம் தடுத்து நிறுத்தியது. அதே ஆண்டில் பெரும் அறநிதிகளின் வருவாய் மீது வரியையும் உயர்த்திச் சட்டம் இயற்றினார்கள். ஆகவே இங்குள்ள நுழைவுத் தேர்வுகளுக்கான படிப்பை நிறுத்திவிட்டு அமெரிக்காவையே நம்பியிருக்குமாறு நான் எந்தப் பிள்ளைக்கும் சொல்லமாட்டேன். இரண்டையும் சேர்த்துச் சுமப்பது கடினம் என்பதும் எனக்குத் தெரியும்.

இடம் கிடைத்தவர்களுக்கு ஒரு செய்தி. இதனைப் பலர் அறியார். கல்விக் கட்டணத்துக்கு ஈடாக வரும் கொடைக்கு அங்கே வரி இல்லை. உணவுக்கும் உறைவிடத்துக்கும் வரும் கொடைக்கு வெளிநாட்டு மாணவரிடம் நூற்றுக்கு 14 வீதம் வரி பிடிப்பார்கள். ஆனால் இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையிலுள்ள வரி ஒப்பந்தத்தின் 21-ஆம் பிரிவு, நம் நாட்டு மாணவர்க்கு அமெரிக்கக் குடிமக்களுக்குரிய நிலையான கழிவை அளிக்கிறது. பிற நாட்டு மாணவர் மிகப் பலர்க்கு இச்சலுகை கிடையாது. உரிய காலத்தில் வரித் தாக்கல் செய்தால் பிடித்த பணத்தில் கணிசமான பகுதி திரும்பி வரும்.

காலக்கெடுவையும் குறித்துக் கொள்ளுங்கள். முந்திய சுற்றுக்குப் பெரும்பாலும் நவம்பர் முதல் நாள். பொதுச் சுற்றுக்கு ஜனவரித் தொடக்கம். உதவிப் படிவம் அக்டோபரில் திறக்கும். விண்ணப்பக் கட்டணம் சுமையாக இருந்தால் விலக்கு அளிக்குமாறு கல்லூரிக்கே எழுதிக் கேட்கலாம். சங்க நூல்நிலையத்தில் வரும் ஞாயிறு முதல் நான்கு வாரம், மாலை ஐந்து மணிக்கு இருப்பேன். பன்னிரண்டாம் வகுப்புக்குப் போகும் பிள்ளைகளுடன் வாருங்கள். மூன்றாண்டு வருமான வரித் தாக்கலை எடுத்து வாருங்கள். தாய் தந்தை இருவரும் வாருங்கள். நாடகக் குழுவினர் வேடம் புனைந்து காத்திருக்கிறார்கள்.